ஹூபர் ஹூவரான வழி: ஒரு சுவிஸ் – ஜெர்மன் குடும்பப் பெயரின் மூலம் தேடல்

1. ஆய்வுப் பொருள்

அமெரிக்காவின் 31ஆவது குடியரசுத் தலைவரான ஹெர்பர்ட் ஹூவர் 1874 ஆகஸ்ட் 10 அன்று அயோவா மாநிலத்தின் வெஸ்ட் பிராஞ்ச் என்னும் சிற்றூரில் பிறந்தார். பிறந்த வீட்டில் இரண்டே அறைகள். தந்தை ஜெஸ்ஸி கிளார்க் ஹூவர் கொல்லுப்பட்டறை வைத்திருந்தவர். பாட்டன் ஈலை ஹூவர், பூட்டன் ஜெஸ்ஸி ஹூவர், ஓட்டன் ஜான் ஹூவர். இதுவரை பெயரில் சிக்கலே இல்லை. ஓட்டனுடைய தந்தையை எட்டும்போதுதான் பெயர் மாறுகிறது. 1738இல் பதினைந்து வயதுப் பையனாகப் பென்சில்வேனியா வந்து சேர்ந்த அவருக்கு ஆண்ட்ரியாஸ் ஹூபர் என்று பெயர்.

தமிழில் எழுதிப் பார்த்தால் வேறுபாடு ஓர் எழுத்துதான்: ‘ப’ இருந்த இடத்தில் ‘வ’. ஆங்கிலத்தில் இவ்விரு பெயர்களும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றும். உயிரெழுத்து வேறு, மெய்யெழுத்து வேறு, எழுத்துகளின் எண்ணிக்கையும் வேறு. தங்கள் முன்னோரின் ஊரைத் தேடப் புறப்படும் அமெரிக்கக் குடும்பங்கள் பல இந்த இடத்தில்தான் வழி தவறுகின்றன. எழுத்து மாறியதைக் கண்டு பெயரே மாறிவிட்டது என்று எண்ணிவிடுகிறார்கள். ஹூவர் என்ற எழுத்து பழைய ஒலியைக் காப்பாற்றி வைத்திருக்கிறது என்பதும், ஹூபர் என்ற எழுத்தை மாற்றாமல் வைத்துக்கொண்ட குடும்பங்களில்தான் ஒலி தொலைந்தது என்பதும் இக்கட்டுரை நிறுவ முனையும் கருத்து. ஆனால் ஒலி நம்மைப் பெயர் வரையில்தான் கொண்டுபோகும். பெயரிலிருந்து ஊருக்குப் போவதற்கு ஏடுகள் வேண்டும். அதனால் கட்டுரையின் பிற்பகுதி ஏடுகளைப் பற்றியது.

2. பெயரின் வேர்

ஜெர்மன் பேசும் நாடுகளில் குடும்பப் பெயர் என்னும் வழக்கம் தென்மேற்கு நகரங்களில் 12ஆம் நூற்றாண்டு வாக்கில் தலையெடுத்தது. கிராமங்களில் அது உறைந்து நிற்க மேலும் இரண்டு மூன்று நூற்றாண்டுகள் ஆயின. தொழிலால் அமைந்த பெயர்கள், தந்தை பெயரால் அமைந்தவை, உருவத்தாலும் குணத்தாலும் அமைந்தவை, வசித்த இடத்தால் அமைந்தவை என்று அறிஞர் வகுப்பார்கள். ஹூபர் இவற்றில் ஒன்றிலும் முழுமையாக அடங்காது. அது நில உரிமையைச் சொல்லும் பெயர்.

தென்ஜெர்மன் நிலத்தில் ‘ஹூபே’ என்றால் ஓர் உழவுக் குடும்பம் பிழைக்கப் போதுமான நிலம். வடக்கே அதே சொல் ‘ஹூஃபே’ என்றும், டச்சு மொழியில் ‘ஹூவெ’ என்றும் வழங்கியது. அளவு ஊருக்கு ஊர் மாறியது; பொதுவாக 30 மார்கன் என்று கணக்கிட்டார்கள். மார்கன் என்ற சொல்லுக்கே ‘காலை’ என்று பொருள். ஓர் ஏர் காலை நேரத்தில் உழுது முடிக்கும் பரப்பு அது. நம் காணி, வேலி போல ஹூபேயும் அளவையாகவும் உரிமையாகவும் ஒரே நேரத்தில் வழங்கிய சொல். ஹூபே உடையவர் ஹூபர். தமிழில் நெருங்கிய சொல் தேடினால் ‘காணிக்காரர்’ என்று சொல்லலாம்.

இந்தப் பொருளே ஆய்வாளருக்கு முதல் எச்சரிக்கை. காணிக்காரர் இல்லாத ஊர் ஏது? ஒரு பள்ளத்தாக்கில் பத்து ஹூபே இருந்தால் பத்து ஹூபர் குடும்பங்கள் ஒன்றுக்கொன்று உறவில்லாமலே தோன்றியிருக்கலாம். இன்றும் ஆஸ்திரியாவின் மிகப் பரவலான குடும்பப் பெயர்களின் வரிசையில் ஹூபர் முன்னணியில் நிற்கிறது. சுவிட்சர்லாந்திலும் மேல் பவேரியாவிலும் அது எங்கும் காணும் பெயர். ஆகவே ‘ஹூபர் என்றால் இன்ன ஊர்’ என்று எவர் சொன்னாலும் ஏற்க வேண்டியதில்லை.

இதற்கு எதிர் எடுத்துக்காட்டு ஓபர்ஹோல்சர். சூரிச் மாநில மலைப்பகுதியில் ஓபர்ஹோல்ஸ் என்றொரு குக்கிராமம் உண்டு. அதன் பெயருக்கு ‘மேற்காடு’ என்று பொருள், அவ்வூரார் ஓபர்ஹோல்சர். பென்சில்வேனியாவுக்கு வந்த இக்குடும்பத்தின் ஒரு கிளை ‘ஓவர்ஹோல்ட்’ ஆயிற்று. அக்கிளையில் வந்த ஆபிரகாம் ஓவர்ஹோல்டின் பெயரைத்தான் ‘ஓல்ட் ஓவர்ஹோல்ட்’ என்ற விஸ்கி இன்றும் தாங்கி நிற்கிறது. இங்கும் ‘ப’ ‘வ’ ஆகியிருப்பதைக் கவனியுங்கள். ஆனால் ஓவர்ஹோல்ட் குடும்பத்துக்குப் பெயரே ஊருக்கு வழிகாட்டும் கைகாட்டி. ஹூவர் குடும்பத்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

3. ஒலி: ‘ப’ எங்கே ‘வ’ ஆயிற்று?

இக்கட்டுரையின் நடுநாடி இப்பகுதி. அதனால் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

பெயர் மாற்றத்துக்கு அமெரிக்காவில் வழக்கமாகச் சொல்லும் காரணம் ஒன்று உண்டு. கப்பலிலிருந்து இறங்கியவரின் பெயரை நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் ஓர் அதிகாரி தவறாகக் கேட்டு மாற்றி எழுதிவிட்டார் என்பார்கள். தலைமுறை தலைமுறையாகப் பல வீடுகளில் இக்கதை சொல்லப்படுகிறது. எல்லிஸ் தீவு நிலையம் திறந்தது 1892இல். ஆண்ட்ரியாஸ் ஹூபர் வந்து 154 ஆண்டுகள் கழிந்த பிறகு! அது மட்டுமன்று, அந்த நிலையத்து அதிகாரிகள் புதிதாகப் பெயர் எழுதவும் இல்லை. புறப்பட்ட துறைமுகத்திலேயே கப்பல்காரர்கள் தயாரித்த பட்டியலை வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அவர்கள் வேலை. இந்தக் கதையை ஆய்வாளர் முதலில் ஒதுக்கி வைக்க வேண்டும். அது இருக்கும் வரை உண்மையான காரணத்தைத் தேட மனம் வராது.

உண்மையான காரணம் ரைன் நதிக்கரைப் பேச்சில் இருக்கிறது. பென்சில்வேனியாவுக்குப் போன ஜெர்மானியரில் மிகப் பலர் பாலட்டினேட் எனப்படும் ஃபால்ஸ் நாட்டிலிருந்தும் அதைச் சுற்றிய பகுதிகளிலிருந்தும் சென்றவர்கள். அந்நாட்டுப் பேச்சில் இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் ‘ப’ (அதாவது மெல்லொலியான பகரம்) உதடுகள் முழுதாக ஒட்டாமல் உரசி ஒலிக்கும். எழுத்து ஜெர்மனில் ‘ஹாபன்’ என்னும் வினைச்சொல் ஃபால்ஸ் வாயில் ‘ஹவ்வெ’. அந்நாட்டார் வாயில் ஹூபரும் ‘ஹூவர்’தான். கடல் கடப்பதற்கு முன்பே, ஆங்கிலேய எழுத்தர் எவரையும் காண்பதற்கு முன்பே, ஊர்ப் பேச்சில் அந்த மாற்றம் நடந்துவிட்டது. எழுத்து மட்டும் பழைய ‘ப’வைப் பிடித்துக்கொண்டிருந்தது.

தமிழருக்கு இதை விளக்கப் பெரும்பாடு படவேண்டியதில்லை. ‘கோபம்’ என்று எழுதுகிறோம். ‘கோவம்’ என்று பேசுகிறோம். ‘பாபம்’ எழுத்திலேயே ‘பாவம்’ ஆகி நிலைத்துவிட்டது. பகரம் இதழ்கள் ஒட்டப் பிறக்கும், வகரம் மேற்பல்லும் கீழிதழும் இயையப் பிறக்கும் என்று தொல்காப்பியப் பிறப்பியல் பிரித்துச் சொல்கிறது. அந்த இரண்டு நிலைகளுக்கும் இடையே உள்ள தூரம் மயிரிழைதான். இரண்டு உயிர்கள் இருபுறமும் நின்று வாயைத் திறந்தே வைத்திருக்கும்போது, நடுவில் வரும் பகரத்துக்கு உதட்டை முழுதாக மூட நாக்குக்குச் சோம்பல் இல்லை, உதட்டுக்குத்தான் சோம்பல். ரைன் கரையிலும் காவிரிக் கரையிலும் உதடு ஒன்றுதானே!

இந்த ஒரு விதியைக் கையில் வைத்துக்கொண்டால் எத்தனையோ பெயர்களின் பூட்டு திறக்கிறது. கிரூபர் கிரூவர் ஆனார். ஷ்ரைபர், அதாவது எழுத்தர், ஷ்ரைவர் ஆனார். வேபர் ‘வீவர்’ ஆன கதை இன்னும் சுவையானது. ஜெர்மனில் வேபர் என்றால் நெசவாளர். ஆங்கிலத்தில் வீவர் என்றாலும் நெசவாளரே. ஒலி இழுத்த பக்கமே பொருளும் இழுத்திருக்கிறது. அப்பெயரை அக்குடும்பம் மொழிபெயர்த்ததா, ஒலிபெயர்த்ததா என்று கேட்டால் இரண்டும்தான் என்று சொல்ல வேண்டும்.

வேறு விதிகளும் உண்டு. அவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஃபால்ஸ் பேச்சில் உதடு குவித்துச் சொல்லும் ‘உ’ போன்ற இகரம் வெறும் இகரமாகிவிடும். ஆகவே ம்யூலர் அங்கேயே மில்லர்தான். சொல்லின் முதலில் வரும் ‘ப்ஃப’ என்ற கூட்டொலி தளர்ந்து ‘ஃப’ ஆகும். ஆண்ட்ரியாஸ் மணந்த மார்கரெட்டின் பிறந்த வீட்டுப் பெயர் ஃபவுட்ஸ். ஜெர்மனில் அதை ‘ப்ஃப’ என்று தொடங்கி எழுதுவார்கள். அமெரிக்க ஏடுகளில் அதே குடும்பப் பெயர் ஃபவுட்ஸ், ஃபாட்ஸ் எனப் பல கோலத்தில் முதலெழுத்தை இழந்து நிற்கிறது. சுவிஸ் பெயர்களின் இறுதியில் வரும் இகரத்தை ஆங்கிலேயர் தம் வழக்கப்படி வேறு எழுத்துகளால் எழுதினார்கள்: ஹிர்ஷி ஹெர்ஷி ஆனார், எபி ஈபி ஆனார். சிலர் நேராக மொழிபெயர்த்துக்கொண்டார்கள்: தச்சரான சிம்மர்மன் கார்ப்பென்டர் ஆனார், ஷ்வார்ஸ் பிளாக் ஆனார். மொழிபெயர்த்த பெயர்தான் தேடுவதற்கு மிகக் கடினம். ஒலியின் நூல் அங்கே அறுந்துவிடுகிறது.

இப்போது ஹூவருக்குத் திரும்புவோம். ‘ஹூவர்’ என்று தன் பெயரைச் சொல்லும் ஓர் உழவரை எதிரில் வைத்துக்கொண்டு ஆங்கிலேய எழுத்தர் எழுத உட்காருகிறார். நெடில் ஊகாரத்தை எழுத அவருக்குத் தெரிந்த வழி ‘ஓ’ எழுத்தை இரட்டிப்பது, வகரத்துக்கு ‘வி’. அவர் எதையும் கெடுக்கவில்லை. காதில் விழுந்ததை நேர்மையாக எழுதியிருக்கிறார். மறுபுறம், பழைய எழுத்தை மாற்றாமல் வைத்துக்கொண்ட குடும்பங்களின் நிலையைப் பாருங்கள். ஆங்கிலம் படித்த வாய் அந்த ‘யு’ எழுத்தை ‘ஹ்யூ’ என்று படிக்கும். இன்றைய அமெரிக்காவில் அப்பெயர் பெரும்பாலும் ‘ஹ்யூபர்’ என்றே ஒலிக்கிறது. உயிரும் மாறிவிட்டது, பாட்டனார் வாயில் இல்லாத ‘ப’வும் வந்து சேர்ந்துவிட்டது. எழுத்தைக் காத்தவர்கள் ஒலியை இழந்தார்கள். ஒலியைக் காத்தவர்கள் எழுத்தை விட்டுக்கொடுத்தார்கள். ‘பெயரைக் கைவிட்டவர்கள்’ என்று ஹூவர் குடும்பங்களைச் சொல்வது அநியாயம்.

4. குடும்பம் நடந்த தூரம்

இனி இடங்கள். ஹூவரின் தந்தைவழி முன்னோர் சுவிட்சர்லாந்தின் ஆர்காவ் மாநிலத்திலுள்ள ஓபர்ஏரெண்டிங்கன் என்ற ஊரார். பாடன் நகருக்கு அருகிலுள்ள இவ்வூர் 2006இல் உன்டர்ஏரெண்டிங்கனோடு இணைந்து ஏரெண்டிங்கன் என்னும் ஒரே ஊராட்சி ஆயிற்று. பழைய வரைபடத்தை எடுத்தால் ஆர்காவ் மாநிலம் என்ற ஒன்றே அதில் இருக்காது. 1415 முதல் 1798 வரை பாடன் சீமை சுவிஸ் கூட்டமைப்பு நாடுகளின் பொது ஆட்சியில் இருந்த நிலம். மூலம் தேடுபவர் தாம் தேடும் ஆண்டில் அவ்வூர் யார் ஆட்சியில் இருந்தது என்று முதலில் கேட்டாக வேண்டும். ஏடு அந்த ஆட்சியின் அலுவலகத்தில்தான் உறங்கும்.

அங்கிருந்து குடும்பம் ஃபால்ஸ் நாட்டுக்குப் பெயர்ந்தது. 1723இல் ஆண்ட்ரியாஸ் பிறந்தது பாட் டூர்க்ஹைம் நகருக்கு அருகிலுள்ள எல்லர்ஸ்டாட்டில். சுவிஸ்காரர் ஏன் ஃபால்ஸுக்கு வந்தார்கள்? 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போர் அந்நாட்டைச் சுடுகாடாக்கியிருந்தது. போரில் சிக்காத சுவிஸ் மலைநாட்டில் மக்கள் பெருகி நிலம் போதவில்லை. ஃபால்ஸிலோ நிலம் கிடந்தது, உழ ஆளில்லை. ஆட்சியாளர்களே குடியேற அழைத்தார்கள். சுவிஸ் மண்ணில் துன்புறுத்தப்பட்ட அனபாப்டிஸ்ட் என்னும் கிறிஸ்தவப் பிரிவினரும் அவர்களோடு வந்தார்கள். வந்தவர்கள் மீண்டும் துன்பப்பட்டார்கள். 1689இல் பிரெஞ்சுப் படைகள் ஷ்பையர், வோர்ம்ஸ் நகரங்களை எரித்தன. ஹைடல்பெர்க் 1689லும் 1693லும் அழிந்தது. பிறகு 1709ஆம் ஆண்டின் கொடுங்குளிர். அந்த ஒரே ஆண்டில் ஏறத்தாழ 13,000 பேர் ஃபால்ஸையும் சுற்றுநாடுகளையும் விட்டு லண்டன் போய்ச் சேர்ந்தார்கள்.

மூலம் தேடுபவர் பலர் பிழை செய்யும் இடம் இது. அமெரிக்க ஏட்டில் ‘பாலட்டின்’ என்று கண்டதும் அக்குடும்பம் ஆதியிலிருந்தே ஃபால்ஸ் நாட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஃபால்ஸ் பலருக்கு இரண்டு தலைமுறை தங்கிய சத்திரம். அதற்கு முந்திய வீடு ஆல்ப்ஸ் மலையடியில் இருக்கிறது.

எல்லர்ஸ்டாட்டிலிருந்து பிலடெல்பியா போவது பல மாதப் பயணம். ரைன் வழியாக ராட்டர்டாம் போக வேண்டும். ஹைல்பிரானிலிருந்து ஹாலந்து வரை 36 சுங்கச் சாவடிகளைக் கடக்க வேண்டியிருந்தது என்று 1750இல் பயணம் செய்த காட்லீப் மிட்டல்பெர்கர் எழுதி வைத்திருக்கிறார். ராட்டர்டாமில் கப்பலேறி, இங்கிலாந்தின் கவ்ஸ் போன்ற துறையில் சுங்கச் சோதனைக்கு நின்று, பிறகுதான் பெருங்கடல். 1738ஆம் ஆண்டுக் கப்பல்களில் நோயும் சாவும் மிகுந்திருந்தன. பதினைந்து வயதில் அதைக் கடந்து வந்தவர் ஆண்ட்ரியாஸ்.

லங்காஸ்டர் பகுதியில் தொடங்கிய அவர் வாழ்க்கை மேரிலாந்துக்கும், அங்கிருந்து வட கரோலைனாவின் யூவாரி ஆற்றங்கரைக்கும் நகர்ந்தது. அங்கே ஏடுகளில் அவர் ஆண்ட்ரூ ஹூவர். பிள்ளைகள் காலத்தில் குடும்பம் குவேக்கர் என்னும் கிறிஸ்தவச் சபையில் கலந்தது. அடிமை முறையோடு வாழ மனமில்லாத குவேக்கர்கள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரோலைனாவை விட்டுக் கூட்டங்கூட்டமாக ஒஹையோவுக்குப் பெயர்ந்தபோது ஹூவர்களும் போனார்கள். 1850களில் அயோவா. சுவிஸ் மலையடியிலிருந்து அமெரிக்கப் புல்வெளி வரை சில தலைமுறைகளில் இத்தனை வீடு மாற்றிய குடும்பத்தில், பெயர் மட்டும் வாயிலிருந்து வாய்க்கு நழுவாமல் வந்திருக்கிறது.

5. ஏடுகள்

ஒலி ஹூபரில் கொண்டு விட்டது. அடுத்த கேள்வி: எத்தனையோ ஹூபர்களில் எந்த ஹூபர்?

அமெரிக்கப் பக்கத்திலிருந்து பின்னோக்கி நடப்பதே முறை. குவேக்கர் சபை ஏடுகள் இங்கே பெருந்துணை. ஒரு குடும்பம் ஒரு சபையை விட்டு இன்னொரு சபைக்குப் போகும்போது நன்னடத்தைச் சான்று எழுதிக்கொடுத்து, அதைக் குறிப்பேட்டிலும் பதிந்து வைத்தார்கள். அயோவாவிலிருந்து ஒஹையோவுக்கும் அங்கிருந்து கரோலைனாவுக்கும் இச்சான்றுகளைப் பிடித்தே இறங்கிப் போகலாம்.

பிலடெல்பியாவில் இன்னொரு புதையல் இருக்கிறது. வந்திறங்கும் ஜெர்மானியர் கூட்டத்தைக் கண்டு கலங்கிய பென்சில்வேனிய அரசு, 1727 முதல் அவர்கள் பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க வேண்டும் என்று விதித்தது. இதனால் ஒரு கப்பலுக்கு மூன்று பட்டியல்கள் வரை கிடைக்கின்றன. ஒன்று கப்பல் தலைவர் கொடுத்தது. மற்ற இரண்டும் உறுதிமொழி எடுத்தவர்கள் கையெழுத்திட்டவை. இவற்றைத் திரட்டி ஸ்ட்ராஸ்பர்கரும் ஹிங்கேயும் 1934இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார்கள். அதில் ஒரு தொகுதி முழுவதும் கையெழுத்துகளின் நகலே. கப்பல் தலைவர் காதால் கேட்டு எழுதியதும், அந்த மனிதரே தம் கையால் எழுதியதும் அடுத்தடுத்து நிற்கும்போது, ஒலி எழுத்தான அந்தக் கணத்தை நாம் நேரில் பார்க்கிறோம். ஏட்டு ஆய்வில் எனக்கு இதைவிட மெய்சிலிர்க்கும் இடம் வேறில்லை. எழுதத் தெரியாதவர் ஒரு குறி இட்டார். பக்கத்தில் எழுத்தர் பெயர் எழுதினார். அங்கே எழுத்து முழுவதும் எழுத்தருடைய காதின் விளைவு. விதிப்படி 16 வயது நிறைந்த ஆண்களுக்கே இந்த உறுதிமொழி. பெண்களும் ஆண்ட்ரியாஸ் போன்ற 15 வயதுப் பையன்களும் அதற்கு உட்படாதவர்கள். பட்டியலில் காணோம் என்பதால் வரவில்லை என்று முடிவு செய்யக் கூடாது.

கடலுக்கு அப்பால், திருச்சபைப் பதிவேடுகள். சூரிச் தன் திருச்சபைகளில் 1520களிலேயே திருமுழுக்குப் பதிவைத் தொடங்கிவிட்டது. கத்தோலிக்க ஊர்களில் 1563இல் டிரென்ட் பொதுச்சங்கம் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கியது. ஃபால்ஸில் போர்கள் எத்தனையோ ஏடுகளைத் தின்றுவிட்டன. சுவிஸ் பக்கத்தில் அவை நீண்ட காலத்துக்குக் கிடைக்கின்றன.

இந்த ஏடுகளைப் படிப்பது தனிக் கலை. பழைய ஜெர்மன் கையெழுத்தான குர்ரென்ட் எழுத்தில் ‘ஈ’ எழுத்தும் ‘என்’ எழுத்தும் இரட்டைப் பிறவிகள். இரண்டும் மேலும் கீழுமாக இரண்டு கூரிய கோடுகள். ‘யு’ எழுத்தும் கோடுகளில் அதே தோற்றம்தான். பிரித்துக் காட்ட அதன் தலையில் ஒரு சிறு வளைவு போடுவார்கள். ஹூபர் என்ற ஐந்தெழுத்துச் சொல்லில் அந்த வளைவு மங்கிப்போனால், படிப்பவர் வேறு பெயரைப் படித்துவிடுவார். தலைமேல் வளைவைத் தேடு, பிறகு பெயரைப் படி என்பது இத்துறையின் அரிச்சுவடி.

பெயரிடும் வழக்கமும் குழப்பும். குழந்தைக்கு யோகான் ஆண்ட்ரியாஸ் என்று இரண்டு பெயர் வைத்தால், வாழ்நாள் முழுதும் அழைப்பது இரண்டாவதைத்தான். ஒரே வீட்டில் ஐந்து பையன்களும் யோகான் என்று தொடங்கலாம். பெண்களின் குடும்பப் பெயரோடு ‘இன்’ என்ற விகுதி சேரும்: ஹூபர் வீட்டுப் பெண் ஹூபரின். இதை வேறொரு குடும்பப் பெயர் என்று நினைத்துத் தேடியவர்கள் உண்டு.

புறப்பட்டவர்களைப் பற்றிய ஏடுகளும் இருக்கின்றன. சொத்தோடு நாட்டை விட்டுப் போகிறவர் அதில் பத்தில் ஒரு பங்கை வரியாகக் கட்டும் வழக்கம் பல சீமைகளில் இருந்தது. வரிக் கணக்கு எழுதியவர் தம்மையறியாமல் குடிபெயர்ந்தோர் வரலாற்றை எழுதி வைத்தார். சூரிச் அரசு தன் ஊர்ப் பாதிரிமார்களிடம் கேட்டு வாங்கிய 1734 – 1744 பட்டியலும் பெர்ன், பாசல் நகரங்களின் ஏடுகளும் 1920களில் ஃபாஸ்ட், பிரம்பா ஆகியோரால் அமெரிக்காவில் அச்சேறின.

சுவிட்சர்லாந்துக்கே உரிய ஒரு வசதியை இங்கே சொல்லியாக வேண்டும். சுவிஸ் குடிமகனின் கடவுச்சீட்டில் பிறந்த ஊர் இருக்காது. ‘ஹைமாட்டோர்ட்’ எனப்படும் பூர்வீக ஊர் இருக்கும். குடும்பம் அங்கே நூறாண்டாகக் கால் வைக்காமல் இருந்தாலும் அந்த ஊர் கூடவே வரும். எந்தக் குடும்பப் பெயர் எந்த ஊரில் இந்த உரிமையைப் பெற்றது, 1800க்கு முன்பா, 19ஆம் நூற்றாண்டிலா, பின்னரா என்று ஊர்வாரியாகக் காட்டும் சுவிஸ் குடும்பப் பெயர் நூல் 1962ஆம் ஆண்டு நிலையைக் கொண்டு தொகுக்கப்பட்டது. 18ஆம் நூற்றாண்டில் குடிபெயர்ந்த குடும்பத்தைத் தேடுகிறவர் 1800க்கு முந்திய ஊர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் பாதி வேலை குறையும். ஹூபர் போன்ற பெயருக்கு அப்போதும் ஊர்கள் பல நிற்கும். கூட வந்த அண்டை வீட்டார், சாட்சிக் கையெழுத்திட்டவர், ஞானப் பெற்றோர் ஆகியோரின் பெயர்கள் எந்த ஊரில் ஒன்றாகக் கூடுகின்றன என்று பார்ப்பதுதான் பிறகு ஒரே வழி.

6. ஒத்த பெயரும் ஒத்த இரத்தமும்

1918இல் ராபர்ட் ரஸ்ஸல் என்ற அமெரிக்கர் ‘சவுண்டெக்ஸ்’ என்ற குறியீட்டு முறைக்குக் காப்புரிமை பெற்றார். முதலெழுத்தை வைத்துக்கொண்டு உயிர்களைத் தள்ளிவிட்டு, பிறப்பிடம் ஒத்த மெய்களுக்கு ஒரே எண் கொடுப்பது அதன் உத்தி. உதட்டொலிகளான ‘ப’வுக்கும் ‘வ’வுக்கும் ‘ஃப’வுக்கும் 1, ரகரத்துக்கு 6. ஹூபருக்கு எச்160 வரும், ஹூவருக்கும் எச்160. ஃபால்ஸ் உழவரின் உதடு செய்த வேலையை இந்தக் குறியீடு அப்படியே ஒப்புக்கொள்கிறது. ஓபர்ஹோல்சரும் ஓவர்ஹோல்ட்டும்கூட ஒரே குறியீட்டில் விழுகிறார்கள்.

ஆனால் பண்ணைவீட்டுக்காரர் என்ற பொருளுடைய ஹோஃபருக்கும் எச்160தான்! அது வேறு வேர், வேறு சொல். அமெரிக்க ஹூவர்களில் ஹூபரிலிருந்து வந்தவரும், ஹோஃபரிலிருந்து வந்தவரும், டச்சு ஹூவெயிலிருந்து வந்தவரும் கலந்திருக்க இடமுண்டு. முதலெழுத்தை விட்டுக்கொடுக்காத முறையாதலால், ‘ப்ஃப’ என்று தொடங்கிய மார்கரெட்டின் குடும்பமும் ‘ஃப’ என்று தொடங்கும் அதன் வழியினரும் தனித்தனிக் குறியீட்டில் பிரிந்துபோகிறார்கள். கருவி காதுக்கு உதவும். காதின் இடத்தில் அதை வைக்க முடியாது.

குடியரசுத் தலைவர் ஹூவரும், 1924 முதல் 1972 வரை அமெரிக்கப் புலனாய்வுத் துறையின் தலைவராக இருந்த எட்கர் ஹூவரும், தூசு உறிஞ்சி இயந்திரத்துக்குப் பெயர் தந்த ஒஹையோ ஹூவரும் ஒரே குடும்பம் என்று சொல்ல ஒத்த பெயரைத் தவிரச் சான்று இல்லை. காணிக்காரர் என்ற பெயர் ஊர் தோறும் பிறந்தது என்பதை நினைவில் கொண்டால் இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. தந்தைவழி மரபணுச் சோதனை இப்போது இந்த வேலையைச் சற்று எளிதாக்கியிருக்கிறது. இரண்டு குடும்பங்கள் ஒரே ஆண்வழியா இல்லையா என்று அது சொல்லும். எந்த ஊர் என்று அது சொல்லாது.

7. இன்று அதே சுவிஸ் மண்ணில்

ஹூபர்கள் விட்டுச் சென்ற சுவிட்சர்லாந்துக்கு 1980களிலிருந்து ஈழத்தமிழர்கள் வந்து சேர்ந்தார்கள். இன்று அங்கே ஏறத்தாழ 50,000 பேர். குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லாத ஒரு சமூகம், குடும்பப் பெயர் இல்லாமல் படிவத்தை நிரப்ப முடியாத ஒரு நாட்டில் வந்து நின்றது. தந்தையின் பெயரோ தம் பெயரோ குடும்பப் பெயர்க் கட்டத்தில் விழுந்து, பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் அதுவே உறைந்துவிட்டது. 12ஆம் நூற்றாண்டில் தொடங்கி ஜெர்மன் கிராமங்களில் மெல்ல மெல்ல நடந்தது, இங்கே ஓர் அலுவலக மேசையில் ஒரே நாளில் நடந்து முடிந்தது.

அந்தப் பெயர்கள் இலத்தீன் எழுத்தில்தான் பதிவாகியிருக்கின்றன. ஜெர்மன் வாய் ‘வி’ எழுத்தைப் பல சொற்களில் ‘ஃப’ என்று படிக்கும். வேலன் ஃபேலன் ஆக இடமுண்டு. ழகரத்துக்காக ஆங்கில வழக்கப்படி இடும் எழுத்தை அது ‘ட்ஸ்’ என்று படிக்கும். ஹூபரைத் தொட்ட அதே உதட்டுச் சிக்கல் இப்போது நம் பெயர்களைத் தொடுகிறது. குடியுரிமை பெற்றவர்களுக்கு ஒரு சுவிஸ் ஊர் ஹைமாட்டோர்ட்டாகப் பதிவாகிவிடும். வல்வெட்டித்துறையோ கிளிநொச்சியோ மட்டக்களப்போ அந்தக் கடவுச்சீட்டில் இடம்பெறாது. இருநூறு ஆண்டு கழித்துத் தேடப்போகும் பேரப்பிள்ளைக்கு அந்த ஏட்டில் கிடைக்கப்போவது சுவிஸ் ஊரும், ஒலி பிசகிய ஒரு பெயரும்தான்.

சுவிஸிலோ ஜெர்மனியிலோ வாழும் தமிழ் வாசகர்கள் இதை இன்றே செய்யலாம். குடும்பத்தாரின் பெயர்களைத் தமிழ் எழுத்தில் எழுதுங்கள். அம்மம்மா எப்படி உச்சரித்தாரோ அப்படியே எழுதுங்கள். பக்கத்தில் ஊர்ப் பெயரையும் ஆண்டையும் குறியுங்கள். அந்தத் தாளைப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்துப் பத்திரப்படுத்தி வையுங்கள்.